கடலைக்காட்டில் வீட்டு வண்டிகள்

தங்கராசு,

நீ வரைந்து அனுப்பிய படத்தை மேசைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு பக்கம் வெற்றிலைச் செல்லத்தையும் மறுபக்கம் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். படம் அழகாக இருக்கிறது. தேயிலை ஃபேக்டரியில் உனக்கு அளவுகோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். நம் கடலைக்காடு இவ்வளவு சதுரமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதைத் தவிர, முதல் பார்வையில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பார்வையில் நிறையத் தெரிந்தது. ஊஞ்சல் இருக்கிறது, பூச்செடி வரிசை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. ஒரு மூலையில் நாற்காலி போட்டு ஒரு பெண்மணியை உட்காரவைத்து, 'அம்மா' என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பெண்மணியின் கையில் ஒரு வேலையும் இல்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நீ என்னிடம் கேட்டது இரண்டு. கோயமுத்தூர் ரோட்டை ஒட்டிய நம் கடலைக்காட்டை, வெளிநாட்டுக்காரர்களின் வீட்டு வண்டிகள் வந்து சில நாள் நின்று தங்கிப் போகிற இடமாக மாற்ற உன்னிடம் ஒப்படைக்க வேண்டும். அதை நம்பிச் சித்திரை முடிவில் எஸ்டேட் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வரலாமா என்றும் நான் சொல்ல வேண்டும். கட்டிலும் அடுப்பும் திரைச்சீலையுமாக ஒரு வேனை வீடாக்கி, ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே ஓட்டி வருகிறவர்களை நீ மூணாறில் பார்த்திருக்கிறாய். இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்த இடமில்லாமல் அவர்கள் எஸ்டேட் பங்களாக் கதவைத் தட்டியதும், துரை அவர்களை விளையாட்டு மைதானத்தில் நிற்கவிட்டதும் பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்ன கதைதான். தொழிலுக்கான யோசனையை அந்த மைதானத்தில் எடுத்தாய். தவறில்லை. உன் அப்பா கிணற்றுக்கு இடம் பார்த்ததே ஒரு கல்யாணப் பந்தியில்தான். ஆனால் தையில் வந்த உன் கடிதத்துக்குப் பங்குனி பாதியில் பதில் எழுதுகிறேனே, கோபமாக இருக்கிறேன் என்று உன் பெண்டாட்டி வடிவிடம் சொல்லிக்கொண்டிருப்பாய். கோபமில்லை. பரீட்சை நடத்திக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில், காட்டு வேலையில் இருந்த கருப்பணன் ஓடி வந்தான்.

“ஏனுங்க ஆத்தா, நம்ம காட்டு முக்குல ஒரு ஊடு வந்து நிக்குதுங்க.”

“ஊடு எப்படிடா வரும்?”

“அதானுங்க நானும் கேட்டேன். அது பாட்டுக்குப் பொகை உட்டுட்டு நிக்குதுங்க.”

போய்ப் பார்த்தேன். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு வேன். பக்கத்தில் ஹெண்ட்ரிக், மார்த்தா என்று ஹாலந்துக்காரத் தம்பதி. கோவளத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற வழியில் எஞ்ஜினில் ஏதோ உடைந்திருக்கிறது. அது கோயமுத்தூரில் கிடைக்காமல் பம்பாயிலிருந்து வர வேண்டியிருந்தது. வரும்வரை இங்கே நின்றுகொள்ளலாமா என்று கேட்டார்கள். தங்கராசு, கான்வெண்டை விட்டு வந்த நாளிலிருந்து என் ஆங்கிலம் கல்யாணப் பட்டு மாதிரிப் பெட்டிக்குள் மடித்துக் கிடந்தது. உன் அப்பாவிடம் இரண்டு வாக்கியம் சொன்னால், மழை வரப்போகிறது என்று யாரோ சொன்னதுபோல வானத்தைப் பார்ப்பார். அன்று ரோட்டோரத்தில் நின்றுகொண்டு வாய் நிறையப் பேசினேன். ஹெண்ட்ரிக்கின் ஆங்கிலத்தைக் கேட்டால் எங்கள் சிஸ்டர் அவனைப் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார். இருந்தாலும் பேசினேன். வண்டியை உள்ளே தள்ளச் சொன்னேன். ஆகவே இனி நான் சொல்வது எதுவும் கற்பனை இல்லை. உன் தொழிலை உனக்கு முன்னால் நடத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நிழல். நீ வண்டிகளையெல்லாம் தென்னை வரிசைக்குக் கீழே நிறுத்தியிருக்கிறாய், பார்வைக்கு அழகு என்று. நானும் ஹெண்ட்ரிக்கின் வண்டியை அங்கேதான் நிறுத்தவைத்தேன். தென்னைக்குக் கண் உண்டு, ஆள் தலையில் காய் போடாது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கண் ஆளைப் பார்க்கும், மோட்டார் வண்டியைப் பார்க்குமா? இரண்டாம் நாள் காலை, மார்த்தா உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு காய் கூரைமேல் விழுந்தது. துப்பாக்கி வெடித்தது என்று நினைத்துக் கட்டிலடியில் புகுந்திருக்கிறாள். கருப்பணன் மெனக்கெட்டு அந்தக் காயையே உரித்து உடைத்து அவளுக்குத் தேங்காய்த் தண்ணீர் கொடுத்தான். அவள் குடித்துவிட்டுச் சிரித்தாள். கூரையில் விழுந்த பள்ளம் சிரிக்கவில்லை. வண்டிக்கு நிழல் வேண்டுமானால் மேற்குக் கோடியில் இருக்கிற புளியமரங்கள்தான். அங்கும் நம் கணவாய்க் காற்றை யோசித்துக்கொள். வண்டிகள் வருகிற மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து புழுதியையும் சேர்த்துக்கொண்டு வரும். அடுப்பு மூட்டுகிற இடமும் கழிப்பிடமும் வண்டிகளுக்கு மேற்கே இருக்க வேண்டும். உன் படத்தில் எது கிழக்கு என்றே போடவில்லை. மலையில் இருக்கிறவர்களுக்குச் சூரியன் வந்தால் போதும், எந்தப் பக்கமிருந்து என்று கவலை இல்லைபோல.

அடுத்தது தண்ணீர். நீ கிணற்றை ஒரு வட்டமாகப் போட்டு அதில் நீலம் தீட்டியிருக்கிறாய். பங்குனியில் அது நீலமா என்று வந்து எட்டிப் பார். குடிக்கவும் சமைக்கவும் அவர்களுக்கு அதிகம் வேண்டியதில்லை, குடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் மோட்டார் போட்டதும் குழாயிலிருந்து தொட்டியில் கொட்டுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களை வெளியே எடுக்க முடியவில்லை. எருமைகூட வெயில் தாழ்ந்தால் கரையேறும். மார்த்தா குளிக்கிற உடையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஒரு கைக்குட்டையை இரண்டாகக் கிழித்தது என்று வைத்துக்கொள். கோயமுத்தூர் பஸ், ஸ்டாப்பே இல்லாத நம் காட்டோரத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, எஞ்ஜினைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு நம் கிணற்றுப் பக்கமே நின்றார். கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்: “ஏனுங்க டிரைவரண்ணா, இஞ்சின் அந்தப் பக்கமுங்களா இருக்குது?” பஸ் முழுக்கச் சிரிப்பு. மறுநாளே தொட்டியைச் சுற்றித் தென்னங்கீற்றால் ஆள் உயரத்துக்கு மறைப்புக் கட்டவைத்தேன். குளிக்கும் நேரம் காலையில் மட்டும் என்றும், அதுவும் தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகு என்றும் சொல்லிவிட்டேன். மார்த்தா வருத்தப்படவில்லை. பஸ்காரர்கள்தான் வருத்தப்பட்டார்கள்.

கழிப்பிடத்தைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் பொங்கலன்று நீ முற்றத்தில் கை வீசிப் பேசிக்கொண்டிருந்தபோது உன் மனைவி சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அத்தே, அவுக ஊஞ்சலு எங்க போடலாம்னு கெடந்து தவிக்காக. நான் கக்கூஸை யாரு கழுவுறதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்.” வடிவு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் அது. எஸ்டேட் லயத்து வரிசைவீட்டில் பிறந்து வளர்ந்தவள். பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பிடம் என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே குழி, செப்டிக் தொட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் பிறகுதான் பெயர்ப்பலகை. யார் கழுவுவது என்பதற்கு 'ஆள் போட்டுக்கொள்ளலாம்' என்று பதில் எழுதாதே. ஆள் வராத நாளில் யார் என்றுதான் நானும் அவளும் கேட்கிறோம். உன் பெயரைத் தவிர வேறு பெயரை நாங்கள் ஏற்றுக்கொள்வதாக இல்லை.

இனி சட்டம். இங்கேதான் உன் சித்தப்பா வருகிறார். உனக்குத் தெரியும், ஒருவன் நம் நிலத்தில் குடிசை போட்டு இருந்தால் அந்த இடம் அவனுக்கே என்கிற குடிகிடப்புச் சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. கருப்பணன் குடும்பம் இரண்டு தலைமுறையாக நம் வரப்போரத்தில் இருந்தது. அவன் பங்குக்குரிய பத்து சென்டை நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அவன் அதில் ஓடு வேய்ந்து, நாம் எல்லோரும் கிரகப்பிரவேசப் பாயசமும் சாப்பிட்டாகிவிட்டது. சித்தப்பா மட்டும் இன்னும் யாராவது நம் நிலத்தில் சற்று நேரம் உட்கார்ந்தால்கூட எழுந்திருக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். ஹெண்ட்ரிக்கின் வண்டியைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“அண்ணி, இங்கிலீசு பேசற சந்தோசத்துல நீங்க சட்டத்தை மறந்துட்டீங்க. இன்னிக்கு வண்டி நிக்கும். நாளைக்கு அடுப்பு மூட்டுவான். நாளான்னைக்குக் கோழி வளப்பான். அப்பறம் குடிகிடப்புன்னு பத்து செண்டு கேப்பான்.”

“அடுப்பு நேத்தே மூட்டியாச்சுங்க,” என்றான் கருப்பணன். “கோழி ஒண்ணுதானுங்க பாக்கி.”

“நீ வாயை மூட்றா. உனக்குக் குடுத்தாச்சுல்ல?”

“அதனாலதானுங்க சொல்றேன். சக்கரத்து மேல ஊடு வெச்சிருக்கறவனுக்குப் பத்து செண்டு எதுக்குங்க? போற எடமெல்லாம் அவனுதுதானுங்களே.”

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் மார்த்தா பக்கத்துக் காட்டுப் பொன்னுத்தாயியிடம் உயிரோடு ஒரு கோழி வாங்கிவிட்டாள். அறுப்பதற்கு இல்லை, அவர்கள் மாமிசம் சாப்பிடுவதில்லையாம். தினமும் ஒரு முட்டை கிடைக்குமே என்று. அதன் காலில் கயிறு கட்டி வண்டியின் பின் இரும்பில் கட்டிவைத்திருந்தாள். சித்தப்பா அதைப் பார்த்தார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “கோழி வந்துருச்சு அண்ணி,” என்றார். சாவு சொல்ல வந்தவர் மாதிரிச் சொன்னார். ஒரே இடத்தில் நின்றால்தானே குடிகிடப்பு, தினமும் காலையில் வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள் என்று என் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். கருப்பணனும் அவரோடு சேர்ந்துகொண்டான், வேறு காரணத்துக்காக. ஆட்டுப்பட்டி போட்டால் தினமும் இடம் மாற்றுகிறோமே, அப்படி மாற்றினால்தானே காடு முழுக்க எரு பரவும் என்றான். எந்த எருவை நினைத்து அவன் சொன்னான் என்று நான் விசாரிக்கவில்லை.

குடிகிடப்பை ஆங்கிலத்தில் சொல்ல எந்த சிஸ்டரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. எருவைச் சொல்ல எனக்கே மனமில்லை. ஆகவே ஹெண்ட்ரிக்கிடம் போய், 'தினமும் காலையில் வண்டியைப் பக்கத்து இடத்துக்கு நகர்த்த வேண்டும், இது எங்கள் வழக்கம்' என்று மட்டும் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. மரியாதையாகத் தலையைக் குனிந்தான். மறுநாள் விடிந்ததும் அவன் தள்ள, மார்த்தா ஸ்டியரிங் பிடிக்க, கோழி பின்னால் நடக்க, வண்டி நகர்ந்தது. அதற்குப் பிறகு, ரோட்டில் போகிற வண்டிக்காரர்கள் ஒருவர் மற்றவருக்குச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் இரண்டு வண்டிகள் உள்ளே வந்தன. அவர்களிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மார்த்தா சொல்லியிருக்கிறாள். ஒருநாள் காலை காபித் தம்ளரோடு வாசலுக்கு வந்து பார்க்கிறேன், மூன்று வண்டிகளும் வரிசையாக, கோயில் தேர் நகர்வதுபோல மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். சித்தப்பா கை கட்டி நின்று மேற்பார்வை பார்த்தார். அன்று நான் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. உன் அப்பா போன பிறகு அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

போலீஸ்காரரும் வந்தார், சைக்கிளில். “இது லாட்ஜாணோ, வீடாணோ?” என்று மலையாளத்தில் கேட்டார். கடலை பிடுங்கிய காடு என்றேன். மோர் குடித்தார். வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் பெயரும் பாஸ்போர்ட் விவரமும் ஸ்டேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நல்ல முறையில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒன்றும் விடாமல் கருப்பணன் மூலம் தெரிவித்துவருகிறேன். பஞ்சாயத்தில் லைசென்ஸ் கேட்க வேண்டும். உன் படத்தில் அதுவும் இல்லை. இன்னொன்று, எல்லா வண்டியையும் உள்ளே விட முடியாது. நீளமுடிக்காரன் ஒருவன் புகைத்தது பீடி இல்லை என்று எனக்கு வாடையிலேயே தெரிந்தது. 'நீ தங்கலாம், அது தங்கக்கூடாது' என்றேன். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு அதோடேயே போய்விட்டான். வாசலில் நின்று இப்படிச் சொல்ல ஒருவர் வேண்டும். அது உனக்கு வராது. நீ சிறு வயதிலேயே பிச்சைக்காரனுக்குச் சில்லறை இல்லை என்று சொல்ல முடியாமல் பின்வாசல் வழியாக ஓடினவன்.

எதை எப்போது பேசுவது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கடினமாக இருந்தது. ஹெண்ட்ரிக்குக்குப் பம்பாய் சாமான் வந்து வண்டி சரியானதும், இடத்துக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எப்படி வாங்குவேன்? முதல் நாளே அவர்களுக்கு இலை போட்டுச் சோறு போட்டாயிற்று. பொன்னுத்தாயி பணியாரம் கொடுத்திருக்கிறாள். சித்தப்பாவே, அத்தனை பயத்திலும், வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் பட்டிக்காரர், அடைக்கிற மூங்கில் படல்களோடு ஆடு ஓட்டி வந்தபோது, நான் மரியாதைக்கு முதலில் சோறு போட்டுவிட்டுப் பிறகு எத்தனை நாள், என்ன கூலி என்று கேட்டேன். உன் அப்பா சிரித்தார். “படலை எறக்கறதுக்கு முன்னால பேசோணும். சோறு போட்டதுக்கப்பறம் பேசுனா அது யாவாரமா? விருந்து,” என்றார். நம் வீட்டுக்காரர்கள் இந்தத் தொழிலில் இறங்கினால் இதிலேதான் வழுக்கி விழுவார்கள், தண்ணீரிலோ சட்டத்திலோ இல்லை. நல்லவேளை, இடையில் வந்த இரண்டாவது வண்டிக்காவது நான் விழித்துக்கொண்டிருந்தேன். வண்டி ரோட்டில் நிற்கும்போதே, எஞ்ஜினை அணைப்பதற்கு முன்பே, எத்தனை நாள், நாளுக்கு என்ன வாடகை என்று எல்லாம் பேசிவிட்டேன். அந்தப் பிரெஞ்சுக்காரி 'சரி' என்று சாதாரணமாகச் சொன்னாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

இதற்கு நடுவே நல்லமுத்து தன் ஆடுகளோடு தாராபுரம் பக்கமிருந்து வந்துவிட்டார். வழக்கம்போல மாசியில் நம் காட்டில் பட்டி போட. மூங்கில் படல்களைச் சுற்றி நிறுத்தி ஆட்டை அடைத்து, பக்கத்தில் ஆள் படுக்கிற சின்ன ஓலைக் குடிலை வைத்து, விடிந்ததும் எல்லாவற்றையும் பக்கத்துப் பாத்திக்குத் தூக்கிப் போவதை நீ சின்ன வயதில் பார்த்துக்கொண்டே இருப்பாய். இந்த முறை அவர் குடிலைத் தூக்குகிற அதே நேரத்தில் அந்தப் பக்கம் வண்டிகளும் நகர்ந்தன. அவர் குடிலைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனுங்க ஆத்தா, இவியளும் பட்டிக்காரவியளாங்க?”

“ஆமாங்க,” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

“ஆட்டைக் காணமே?”

“அவிய ஆடு இல்லாத பட்டிக்காரவிய.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பாவம், நல்ல நாளில் மேய்த்திருப்பார்கள், நோய் வந்து போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மாலையில் ஒரு சொம்பு ஆட்டுப்பால் மார்த்தாவுக்குக் கொடுத்தனுப்பினார். ஹெண்ட்ரிக் போய் அந்த ஓலைக் குடிலுக்குள் படுத்துப் பார்த்தான். நல்லமுத்து வேனுக்குள் போய்க் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தூக்கறதுக்கு எத்தன ஆள் வேணுமுங்க?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

அன்றுதான், தங்கராசு, உன் படத்தில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது என்ன என்று விளங்கியது. நீ அந்தக் காட்டை என்றைக்குமாக மாற்றிவிடப் பார்க்கிறாய். சிமெண்ட் தரை, நிலையான பாதை, பூச்செடி. ஆனால் வண்டிக்காரர்கள் வருவது கார்த்திகைக்குப் பிறகு. வெயில் ஏறினதும் மலைக்கோ வடக்கேயோ போய்விடுகிறார்கள். நான் இதை எழுதும்போதே கடைசி வண்டி ஊட்டிக்குப் புறப்பட்டுவிட்டது. மழைக்காலத்தில் நம் கரிசல் மண்ணில் ஒரு வேன் இறங்கினால் தையில்தான் வெளியே வரும். சிமெண்ட் போட்ட காடு மீதி மாதங்கள் முழுக்க உன்னைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும். நீயும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாய். அந்த மாதங்களில் நீ என்ன செய்யப் போகிறாய் என்று உன் கடிதத்தை இரண்டு முறை படித்துத் தேடினேன். இல்லை. ஆனால் அதே காடு கார்த்திகையிலிருந்து சித்திரை வரை வெறுமையாகத்தான் கிடக்கிறது. கடலை பிடுங்கியாயிற்று, அடுத்த விதைப்புக்கு நாள் இருக்கிறது. ஆட்டுக்காரருக்கு அந்த மாதங்களைத்தானே கொடுக்கிறோம்? வண்டிக்காரருக்கும் அதையே கொடுக்கலாம். கழிப்பிடமும் குளிக்கிற மறைப்பும் மேற்குக் கோடியில் நிலையாக இருக்கட்டும். மற்றதெல்லாம் படல் மாதிரி எடுத்துவைக்கக் கூடியதாக இருக்கட்டும். வண்டிகள் தினமும் இடம் மாறட்டும். அதைச் சித்தப்பாவுக்காகச் சொல்லவில்லை. மாறிக்கொண்டே இருந்தால் மண் ஒரே இடத்தில் இறுகாது. நேற்று நின்ற இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்துவிடலாம். யாருக்கும் இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றாது. வழக்கம் என்று சொல்லிவிட்டேன், இனி அது வழக்கமாகவே இருக்கட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்மணிக்கு இப்போது வருகிறேன். 'உங்களுக்கு வயசாச்சும்மா, நீங்க ஓரமா உக்காந்திருந்தாப் போதும்' என்று எழுதியிருக்கிறாய். அன்பாகத்தான் எழுதினாய். முழங்கால் வலிக்கிறது, உண்மை. ஆனால் வாசல் என்னுடையது. எந்த வண்டி உள்ளே வரலாம், எது போகலாம் என்று நான்தான் சொல்வேன், அதையும் நல்ல ஆங்கிலத்தில் சொல்வேன். அதற்கு முழங்கால் தேவையில்லை. நாற்காலியை வேண்டுமானால் வாசலுக்கு நகர்த்திப் போடு.

இனி என் பதில். நேற்று வடிவுக்குத் தனியாக எழுதி, அவளுக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறேன். அவள் மாட்டேன் என்றால் இந்தப் பேச்சு இதோடு முடிந்தது, நீயும் அவளை வற்புறுத்தக் கூடாது. அவள் சரி என்றால், காடு உனக்குத்தான். வேலையை எழுதிக்கொடுத்துவிடு. ஆனால் எந்தக் காட்டை உனக்குக் கொடுக்கிறேன் என்று சரியாகப் புரிந்துகொள். கடலைக்காட்டைக் கொடுக்கிறேன். வருஷத்தில் சில மாதம் அதில் வண்டிகளும் நிற்கும். நீ சேறு பிடிக்காது என்று சொல்லித்தான் மலையேறினாய். அதில் எனக்கு வருத்தமில்லை, அங்கே பெயர் எடுத்தாய், எனக்குப் பெருமைதான். இப்போது திரும்பி வருவது வண்டிக்காரர்களுக்காக என்றால் வராதே. அவர்கள் இந்த ரோட்டில் எத்தனை வருஷம் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஏதாவது ஒரு நாட்டில் வழி அடைபட்டால் அத்தோடு ஒரு வண்டியும் வராது. அன்றும் உனக்குச் சோறு போட அந்த மண்ணுக்கு உன்னைத் தெரிந்திருக்க வேண்டும், உனக்கும் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே கார்த்திகையில் வண்டிகளோடு வந்து இறங்காதே. ஆடியில் வா. முதல் மழை விழுந்து ஏர் பூட்டுகிற அன்று வா. ஏர் பிடிக்க இந்த வருஷம் வேறு ஆள் தேட வேண்டாம் என்று கருப்பணனிடம் சொல்லிவிட்டேன். விதைக்கடலையை உடைத்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா